கல்லுக்கால் மேல் ஒரு சுடும் மேசை

தர்மபுரியில் துப்பாக்கி என்றால் யாருக்கும் விளையாட்டு நினைவுக்கு வருவதில்லை. காட்டோர ஊர்களின் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியும் காட்டுப்பன்றியும்தான் நினைவுக்கு வரும். கொஞ்சம் வயதானவர்களுக்கு, 2004 அக்டோபர் 18 இரவு பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி. இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் ரைபிளை ஒரு விளையாட்டாக, ஒழுங்கோடு கற்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு முறையான அனுமதியோடு ஒரு திறந்தவெளிச் சுடுதளம் வேண்டும். அந்தத் தளத்தில் ஆடாத மேசை வேண்டும்.

ஒலிம்பிக் ரைபிள் போட்டிகளில் மேசை கிடையாது. நின்றும் மண்டியிட்டும் படுத்தும் சுடுகிறார்கள். ஆனால் ரைபிளின் குறி சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும், புதிதாக வருபவர் விசையை அமுக்கப் பழகவும் மேசைதான் துணை. மேசையில் ரைபிளைத் தாங்க வைத்துச் சுடுவதே அமெரிக்காவில் 1940களில் தனி விளையாட்டாக வளர்ந்தது.

மேசை ஆடினால் என்ன ஆகும்? ஒரு மீட்டர் நீள ரைபிளின் முனை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விலகினால் போதும். 50 மீட்டர் தூரத்தில் அது 5 மில்லிமீட்டராக வளர்ந்துவிடும். அந்தத் தூரத்துப் போட்டி அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவே 10.4 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் குண்டை மையத்திலிருந்து வட்டத்தின் விளிம்புக்குத் தள்ளிவிடுகிறது. பயிற்சிக்கு வந்த பிள்ளையோ தன் கைதான் சரியில்லை என்று மனம் உடைந்துபோகும்.

மர மேசை செய்யலாம்தான். தடித்த சட்டங்களை ஆணிக்குப் பதில் போல்ட் போட்டு இறுக்கி, குறுக்குச் சட்டம் கொடுத்தால் சில வருடம் நிற்கும். வெயிலிலும் மழையிலும் மாறி மாறிக் கிடந்தால் மூட்டுகள் தளர்ந்துவிடும். கல் வேலைக்குப் பேர்போன இந்த வட்டாரத்தில் மரத்தைத் தேடிப் போவானேன்? தோட்ட வேலிக்கு நடும் கல்லுக்கால்கள் மூன்று போதும். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. சமமில்லாத தரையிலும் மூன்று கால் ஆடாது. மேலே நாலடிக்கு மூன்றடி, மூன்று அங்குலக் கனத்தில் கருங்கல் பலகை. இந்தப் பக்கத்துக் கறுப்புக் கல்லானால் 240 கிலோ வரும். துப்பாக்கியின் உதைப்பை அந்தக் கனமே வாங்கிக்கொள்ளும். பலகையின் பின்பக்கத்தில் உடம்பு ஒட்டி உட்கார ஒரு வெட்டு வேண்டும். உயரம் 32 முதல் 34 அங்குலம். முக்காலியை அதற்கேற்ப ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். மேல்பரப்பைப் பளபளப்பாக்கக் கூடாது. ரைபிளைத் தாங்கும் மணல்பை வழுக்கும், வெயில் கண்ணில் தெறிக்கும். உளியால் கொத்திய பரப்பே நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அஸ்திவாரம். செம்மண்ணில் இரண்டரை அடி தோண்டி, காலை நட்டு, தூக்குக்குண்டு பார்த்து, கான்கிரீட் போட்டு, குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட வேண்டும். கரிசல் கலந்த இடமானால் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். இன்னும் ஆழம் போக வேண்டும். சுடுபவர் உட்காரும் சிமெண்ட் தளமும் மேசைக்காலின் கான்கிரீட்டும் ஒன்றையொன்று தொடவே கூடாது. நடுவில் ஓர் அங்குலம் இடைவெளி விட்டு மணலை நிரப்பிவிட்டால், பக்கத்தில் ஒருவர் நடந்தாலும் அந்த அதிர்வு மேசைக்கு ஏறாது. கொத்தனார்கள் வேலை சுலபமாக முடிய எல்லாவற்றையும் ஒரே வார்ப்பாகப் போட்டுவிடுவார்கள். கூடவே நின்று தடுக்க வேண்டும்.

மேசையின் முகம் வடக்கே பார்க்கட்டும்; வருடத்தின் பெரும்பகுதி நாட்களில் வெயில் சுடுபவரின் முதுகுப் பக்கம் இருக்கும். வடக்கே குண்டைத் தடுக்கும் மண்மேடும் அதற்கப்பால் ஆளில்லாத நிலமும் இருந்தாக வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் 2021 டிசம்பர் 30 அன்று, சுடுதளத்தில் பயிற்சி நடந்த நேரத்தில் வெளியே வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்துபோனான். எங்கே தளம் அமைக்கப் போனாலும் அந்தப் பிள்ளையை நினைக்காமல் வரைபடம் போடக் கூடாது. எத்தனை உறுதியான மேசையும் மண்மேட்டுக்கு ஈடாகாது. மேடு உயரவில்லையென்றால் மேசைக்குக் கல் இறக்க வேண்டிய அவசியமே இல்லை.

இன்னொன்றையும் வரைபடத்திலேயே சேர்க்க வேண்டும். சக்கர நாற்காலியில் அமர்ந்து சுடும் அவனி லேகரா டோக்கியோ பாராலிம்பிக்கிலும் 2024 பாரிஸிலும் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வென்றார். அவரைப் போலச் சக்கர நாற்காலியில் வருபவர்களும் இந்த மேசையில் பழக இடம் வேண்டும். நாலு மேசை போட்டால் ஒன்றுக்காவது பின்காலை முன்னே தள்ளி நட்டு, நாற்காலி உள்ளே நுழைய முழங்கால் உயரத்துக்கு வெற்றிடம் விட வேண்டும். அந்த மேசைவரை படியில்லாத சாய்தளமும் வேண்டும். கல்லை நட்ட பிறகு இதைச் செய்ய வழியில்லை. ஒப்பந்தப் புள்ளியிலேயே எழுதிவிட வேண்டும்.