மேடை நடுக்கம்

மேடையேறிப் பேசும்போது நாக்கு உலர்வதையும் கை நடுங்குவதையும் நம்மில் பலர் உணர்ந்திருப்போம். இது புதியவர்களுக்கே வரும், பழகப் பழகப் போய்விடும் என்று எண்ணுகிறோம். உண்மை அவ்வாறில்லை. ஆங்கில நாடக மேடையின் பெரும் நடிகரான லாரன்ஸ் ஒலிவியர், ஐம்பது வயதைக் கடந்து புகழின் உச்சியில் இருந்த 1960களில் கடும் மேடையச்சத்துக்கு ஆளானார். தம் கண்களை நேராகப் பார்க்க வேண்டாம் என்று உடன் நடிப்பவர்களைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அது அவரை வாட்டியது. இதற்குக் காரணம் திறமைக் குறைவா? இல்லை என்பது வெளிப்படை.

உடலில் நிகழ்வது என்ன? ஆபத்து நேர்ந்துவிட்டதாக மூளை கருதியவுடன் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது, உமிழ்நீர் குறைகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. புலியைக் கண்டு ஓடுபவனுக்கு இந்த ஏற்பாடு உதவும். பாடகருக்கு உலர்ந்த தொண்டையும், வாத்தியக்காரருக்கு வியர்த்த விரலும் உதவுமா?

வயலின் கலைஞரை எடுத்துக்கொள்வோம். அசையாமல் நீட்டிய கைகூட நொடிக்கு ஏறத்தாழ 8 முதல் 12 முறை நுண்ணியதாக நடுங்குகிறது. இது எல்லோருக்கும் இயல்பு, நாம் கவனிப்பதில்லை. தசைகளிலுள்ள பீட்டா ஏற்பிகளை அட்ரினலின் தூண்டும்போது இந்நடுக்கத்தின் வீச்சு பெருகுகிறது. தந்தியின்மேல் வில் செலுத்தும் விசையும் அதற்கேற்ப ஏறி இறங்குகிறது. வில்லை மெதுவாக இழுத்து வாசிக்கும் நீண்ட சுரத்தில் இக்குறை காதுக்கே புலப்படும். அதைக் கேட்ட கலைஞர் மேலும் அஞ்சுகிறார். அட்ரினலின் மேலும் சுரக்கிறது. ஒலிபெருக்கியின் ஒலி மைக்கில் மீண்டும் புகுந்து ஊளையிடுவது போன்ற சுழல் இது.

இச்சுழலை அறுக்க முடியுமா? பிரிட்டனில் தந்தி வாத்தியக் கலைஞர்கள் 24 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவுகள் 1977இல் வெளியாயின. ஒரு முறை பீட்டா ஏற்பிகளைத் தடுக்கும் ஆக்ஸ்பிரினலால் மாத்திரை, மற்றொரு முறை மருந்தில்லாத போலி மாத்திரை என இரண்டும் தரப்பட்டன. எது எப்போது தரப்பட்டது என்பது கலைஞருக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. மருந்து உண்டபோது வாசிப்பு மேம்பட்டது; மிகுதியாக அஞ்சியவர்களுக்கே மிகுந்த பயன் கிடைத்தது.

ஆனால் இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். 1987இல் அமெரிக்க இசைக்குழுக் கலைஞர்கள் 2,212 பேரிடம் விசாரித்ததில், 27 விழுக்காட்டினர் இவ்வகை மருந்துகளை உண்பதாகக் கூறினர். அவர்களில் பெரும்பாலோர் அவ்வப்போது மருத்துவரின் சீட்டு இல்லாமலே உண்டவர்கள்! மூச்சுக்குழல் விரிவதற்கும் பீட்டா ஏற்பிகளே துணை. அவற்றைத் தடுத்தால் ஆஸ்துமா உள்ளவரின் உயிருக்கே ஆபத்து நேரலாம். மேலும், மருந்து கையின் நடுக்கத்தைத் தணிக்குமே தவிர, 'தவறு செய்துவிடுவேனோ' என்று மனத்தில் ஓடும் எண்ணத்தை மாற்றாது.

அதற்கு வேறு வழிகள் உண்டு. முதலில் இரண்டு நண்பர்கள் முன்னிலையிலும், பின்பு பத்துப் பேர் முன்னிலையிலும் வாசித்துப் படிப்படியாகப் பழகலாம். மனநல வல்லுநரின் உதவியோடு அச்சமூட்டும் எண்ணங்களை ஆராய்ந்து திருத்தலாம். பிரிட்டனில் நிகழ்கலைஞர்களின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் உதவவென்றே 1984இல் ஒரு மருத்துவச் சங்கம் தோன்றியது.

கால் சுளுக்கிய நடனக் கலைஞர் அதை மறைக்க வேண்டியதில்லை. மேடையச்சமும் உடலும் மனமும் சேர்ந்து விளைவிக்கும் ஒரு துன்பமே. வெளியே சொன்னால் வாய்ப்பு போய்விடும் என்ற நிலை மாறினால்தான், கலைஞர்கள் திருட்டு மாத்திரையை விட்டு மருத்துவரை நாடுவார்கள்.