பழங்கருவிகளின் புனருத்தாரணம் – 9: கால் மிஷின் கை மிஷினாகும் விதம்

சுவர்க் கடிகாரங்களைப் பற்றிச் சென்ற இதழோடு முடித்துக்கொண்டு, இந்த வாரம் தையல் யந்திரத்துக்கு வருகிறோம். மிதிக்கும் மேஜை உளுத்துப் போனதாலோ, பிற்காலத்தில் பூட்டிய மோட்டார் கருகிப் போனதாலோ பரண்மேல் ஏற்றப்பட்டுவிட்ட பழைய தலையொன்றைக் கைப்பிடியால் சுழலும் கை மிஷினாக மாற்றுவதைப் பற்றியே விசேஷமாக எழுத விரும்புகிறேன். ஏனெனில், மூலப்பொருளில் புதிதாக ஒரு துளையும் போடாமல், ஓர் அங்கத்தையும் அறுக்காமல், வேண்டியபோது பழைய நிலைக்கே திருப்பிவிடக் கூடியதாகவும் அமைந்த இத்தகைய மாற்றம், பழையன மீட்கும் வேலைகளில் மிக அபூர்வம்.

இந்தச் சௌகரியம் தற்செயலாக நேர்ந்ததன்று. ஸ்காட்லாந்தின் கிளைட்பாங்க் நகரில் 1880-களில் எழுந்து, 1980-ல் மூடப்பட்ட சிங்கர் தொழிற்சாலையிலிருந்து வந்த 15கே, 28கே, 66கே, 99கே முதலிய தலைகளில் பலவற்றைக் கவனித்தால், வலப்பக்கத் தூணில், சக்கரத்துக்குச் சற்றுக் கீழே, நடுவில் திருகுத் துளையுள்ள சிறு மேடு ஒன்று வார்ப்பிரும்போடு சேர்த்தே வார்க்கப்பட்டிருப்பதைக் காணலாம். கைப்பிடியானாலும் மோட்டாரானாலும், வாங்குகிறவருடைய வசதிக்கேற்ப அங்கே பூட்டிக்கொள்ளட்டும் என்பதே செய்தவர்களின் எண்ணம். ஆகவே, கைப்பிடி மாட்டுகிறவர் யந்திரத்தின் இயல்பை மாற்றுவதில்லை. அதற்கென்று விட்டுவைத்த இடத்தை நிரப்புகிறார், அவ்வளவே. அந்த மேடு இல்லாத மிகப் பழைய தலைகளைத் துளைத்துப் பாழாக்குவதும், மோட்டாரைத் தூணோடு பல்சக்கரத்தால் பிணைத்துவிட்ட 15-91 போன்றவற்றோடு மல்லுக்கு நிற்பதும் வேண்டாத வேலை.

கைப்பிடியை நாடுமுன் தலையைச் சுத்தம் செய்தாக வேண்டும். அசையாமல் இறுகிய யந்திரத்தைக் கண்டதும் துருப்பிடித்துவிட்டதென்று பலர் கைவிடுகிறார்கள். பெரும்பாலும் அது துருவன்று, பல வருஷங்களாக விட்ட எண்ணெய் காய்ந்து பிசினாகிப் போனதே காரணம். அதிலும், வீட்டில் கைக்கெட்டிய தேங்காயெண்ணெயையோ நல்லெண்ணெயையோ விட்டிருந்தால் இறுக்கம் இன்னும் கடுமையாக இருக்கும். எண்ணெய்த் துளைகள் ஒவ்வொன்றிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னுமாக, பலவந்தம் செய்யாமல், ஒரு விரற்கடை அளவு அசைத்துப் பார்க்க வேண்டும். அசைவு கிடைத்தபின் மண்ணெண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டுத் தையல் மிஷினுக்குரிய மெல்லிய எண்ணெயையே விட வேண்டும். ஊசித்தட்டைக் கழற்றினால், துணியைத் தள்ளும் பற்களுக்கிடையே பஞ்சும் நூல்தூசியும் கம்பளித் துண்டுபோல் கெட்டித்துக் கிடப்பதைக் காண்பீர்கள். அதைக் குச்சியால் நெம்பி எடுத்தாலே தையல் பாதி சீர்ப்பட்டுவிடும்.

மேலே மின்னும் பொன்னிற வேலைப்பாடுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவற்றின்மேல் பூசியிருப்பது அரக்குப் பூச்சு; ஸ்பிரிட் பட்டால் அது கரைந்துவிடும், அதற்கடியிலுள்ள பொன்னிறமும் பின்னாலேயே போய்விடும். தையல் எண்ணெயில் நனைத்த பழைய பருத்தித் துணியைத் தவிர வேறெதையும் அங்கே வைக்கலாகாது. பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பெயிண்ட் அடிப்பதைப் புதுப்பித்தல் என்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இனிக் கைப்பிடி. பெரிய பல்சக்கரம் ஒன்று சிறிய பல்சக்கரத்தைச் சுழற்ற, அதிலிருந்து நீளும் இரும்பு விரல் யந்திரச் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கிடையே நுழைந்து அதை இழுத்துச் செல்கிறது. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறக்குறைய மூன்று தையல் விழும். ஆகையால் ஆரக்கால் உள்ள சக்கரம் அவசியம். பிற்காலத்துத் தலைகளில் உள்ள கெட்டிச் சக்கரத்தைக் கழற்றி, அதற்குப் பொருந்துகிற ஆரக்கால் சக்கரத்தை மாட்ட வேண்டும். அப்படி மாற்றும்போது, நடுத்திருகுக்கு அடியிலுள்ள காதுவைத்த வளையம் எந்தப் பக்கமாக இருந்ததென்று குறித்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டுவிட்டால், பாபினில் நூல் சுற்றும்போது ஊசி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். இரும்பு விரலின் நுனியில் ஒரு தோல் உறை இருக்கும். அது தேய்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் டக்டக்கென்று ஓசை எழும். கால் மிஷினின் பழைய தோல் பெல்ட்டில் ஒரு துண்டு நறுக்கிச் சுற்றினால் போதும். லூதியானாவில் செய்த புதிய கைப்பிடிகள் உதிரிபாகக் கடைகளில் மலிவாகவே கிடைக்கின்றன, என்றாலும் பழைய கைப்பிடியின் பற்கள் எழுப்பும் மெல்லோசை அவற்றுக்கு வருவதில்லை என்பது என் அபிப்பிராயம். கடைசியாக, தலையின் பின்புறமுள்ள இரண்டு கீல் துளைகளுக்கு ஏற்பக் கனமான மரப்பீடம் ஒன்று செய்துகொண்டால் வேலை பூர்த்தி.

வலக்கை சுழற்ற, இடக்கை ஒன்றே துணியை நடத்த வேண்டியிருப்பதால், திரைச்சீலைபோல் நீண்ட தையலுக்கும், நாள் முழுதும் தைத்துப் பிழைக்கிற தையற்காரருக்கும் கை மிஷின் ஏற்றதன்று. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால், கழுத்து வளைவையும் கெட்டித் துணியின் மடிப்பையும் ஒவ்வொரு தையலாக நிறுத்தி நிறுத்தித் தைக்க விரும்புகிறவருக்கும், கற்றுக்கொள்ளும் சிறுமிக்கும், இளம்பிள்ளைவாதத்தால் கால் தளர்ந்து மிதிக்க இயலாதவருக்கும் இதைவிட இசைவான யந்திரம் இல்லை. பிரிட்டனில் டூல்ஸ் ஃபார் செல்ஃப் ரிலையன்ஸ் போன்ற தர்ம ஸ்தாபனங்கள் பழைய தையல் யந்திரங்களைச் செப்பனிட்டு ஆப்பிரிக்கக் கிராமங்களுக்கு அனுப்பிவருகின்றன. மின்சாரம் எட்டாத ஊரில் கைப்பிடிக்குள்ள மதிப்பைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

1924-ல் தில்லியில், அப்போது சாந்திநிகேதனத்து மாணவராயிருந்த ஜி. ராமச்சந்திரன், தாங்கள் எல்லா யந்திரங்களுக்குமே விரோதியா என்று காந்தியடிகளைக் கேட்டபோது, அவர் விலக்காக எடுத்துக்காட்டியது சிங்கர் தையல் யந்திரத்தையே. அதைச் செய்வதற்குத் தொழிற்சாலை வேண்டுமே என்ற மறுகேள்விக்கு, அத்தகைய தொழிற்சாலைகள் தேசத்தின் உடைமையாக இருக்கட்டும் என்று விடையளித்தார். கேள்வி கேட்ட அந்த இளைஞரே பின்னர் தம் மனைவி டாக்டர் சௌந்திரத்துடன் சேர்ந்து 1947-ல் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார். மனிதனுடைய உழைப்பைப் பறிக்காமல் அவன் கைக்குத் துணைநிற்கும் யந்திரம் என்ற அந்த அளவுகோலுக்கு, கை மிஷினைப்போல் முழுமையாகப் பொருந்துவது வேறில்லை என்றே நான் நம்புகிறேன்.

ஆதலால், வீட்டுப் பரணில் பாட்டியின் தலை ஒன்று கிடக்குமானால், பழைய இரும்புக்காரரிடம் எடை போடுமுன், தூணின் வலப்பக்கம் அந்தத் திருகுத் துளை இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். இருந்தால் விற்காதீர்கள்.