பதினான்கு பேர் எழுதாமல் எழுதிய சட்டம்

யாரோ நம்மைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால் நாம் கொஞ்சம் சுறுசுறுப்பாகி விடுகிறோம் அல்லவா? உளவியல் பாடநூல்கள் இதற்கு 'ஹாதார்ன் விளைவு' என்று பெயர் சூட்டியுள்ளன. அமெரிக்காவில் சிகாகோவை அடுத்த சிசரோ என்னும் ஊரில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் தொழிற்சாலை இருந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்த அந்த ஆலையில் 1924 முதல் விளக்கொளியைக் கூட்டியும் குறைத்தும் சோதனை செய்தார்கள். ஒளி கூடினாலும் உற்பத்தி ஏறியது, குறைந்தாலும் ஏறியது. ஆகவே கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே காரணம் என்பது நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த கதை.

கதை சுவையானதுதான். ஆனால் ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற இரு பொருளியலறிஞர்கள் அந்தப் பழைய கணக்குகளைத் தேடியெடுத்து அலசினார்கள். அத்தகைய விந்தைக்குச் சான்று மிகக் குறைவு என்று 2011-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை காட்டிற்று.

அதே ஆலையில் பின்னர் நடந்த வேறொரு ஆய்வைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. பிறரை வேலை வாங்கும் பொறுப்புக்கு வரப்போகும் எவரும் முதலில் அறிய வேண்டியது அதைத்தான் என்பேன்.

1931 நவம்பரில் 14 ஆண் தொழிலாளர்களைத் தனி அறையில் அமர்த்தினார்கள். ஒன்பது பேர் தொலைபேசி இணைப்பகக் கருவிகளில் கம்பி இணைப்பவர்கள், மூவர் பற்றவைப்பவர்கள், இருவர் சோதித்துப் பார்ப்பவர்கள். அதே அறையில் ஆய்வாளர் ஒருவரும் உட்கார்ந்து, எதிலும் தலையிடாமல், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். குழு செய்து முடிக்கும் மொத்த வேலையைப் பொறுத்தே ஒவ்வொருவர் கூலியும் அமைந்தது. எல்லோரும் முழுமூச்சாக உழைத்தால் எல்லோருக்கும் ஆதாயம் என்பது நிர்வாகத்தின் கணக்கு.

உற்பத்தி ஏறவில்லை! ஒருவர் நாளுக்கு இரண்டு கருவிகள், அதாவது 6,000 அல்லது 6,600 இணைப்புகள் முடித்தால் போதும் என்று தொழிலாளர்கள் தமக்குள்ளேயே வரையறுத்திருந்தார்கள். அந்த அளவு முடிந்துவிடும் என்று தெரிந்ததும் கை தளரும். ஒரு நாள் கூடுதலாகச் செய்தவர் அதைக் கணக்கில் காட்டாமல் வைத்திருந்து, மந்தமான நாளில் சேர்த்துக்கொண்டார். அளவை மீறுபவனுக்கு 'கூலியைக் கெடுப்பவன்' என்று பட்டம். மிகவும் குறைவாகச் செய்பவனுக்கும் ஒரு பட்டம் உண்டு. மேலதிகாரியிடம் கோள் சொல்பவன் எல்லோரிலும் கீழானவன். பட்டத்துக்கு மசியாதவனுக்குப் புஜத்தில் ஓங்கி ஒரு குத்து! விளையாட்டுப்போல நடந்தாலும் செய்தி தெளிவானது. வகுப்பில் ஆசிரியரிடம் கூடுதலாகக் கேள்வி கேட்கும் மாணவனை மற்றவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அவர்களுடைய அறிவுத்திறனையும் கைத்திறனையும் தனியே அளந்து பார்த்தார்கள். மிகக் குறைவாக வேலை செய்தவர் அறிவுத்திறனில் முதலிடம், கைத்திறனில் மூன்றாமிடம்! ஒருவர் எவ்வளவு செய்தார் என்பதை அவருடைய திறமையைவிடக் குழுவில் அவருக்கிருந்த இடமே தீர்மானித்தது.

மேற்பார்வையாளருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் கண்டித்தால் ஆட்களின் ஒத்துழைப்பு போய்விடும். மேலே சொன்னால் தம் நிர்வாகத் திறமையே கேள்விக்குள்ளாகும். அவர் பார்த்தும் பாராமல் இருந்துவிட்டார். அதிகாரம் கையில் இருந்தும், தலைமை அவரிடம் இல்லை.

கூடுதலாகச் செய்தால் கூலி விகிதத்தைக் குறைத்துவிடுவார்கள், அல்லது சிலருக்கு வேலை போய்விடும் என்பதே தொழிலாளர்கள் சொன்ன காரணம். இந்த ஆய்வுகளை 1939-இல் நூலாக்கிய ரோத்லிஸ்பெர்கரும் டிக்ஸனும் இந்த அச்சத்துக்குத் தக்க அடிப்படை இல்லை, இது குழுவின் மனப்பாங்கு என்று கருதினர். எனக்கு இது ஏற்புடையதாக இல்லை. அப்போது அமெரிக்கா பெரும் பொருளாதார மந்தத்தில் சிக்கியிருந்தது. ஆலையில் வேலை நேரமும் குறைக்கப்பட்டு வந்தது. 1932 மே மாதம், செய்வதற்குப் போதிய வேலை இல்லாமல், அந்த அறையையே மூடிவிட்டார்கள்.