குறட்டை நிற்கும் அந்தச் சில வினாடிகளில் என்ன நடக்கிறது?

பக்கத்து வீடு வரை கேட்கும்படி குறட்டை விடுபவரைப் பார்த்து, "கொடுத்து வைத்தவர், படுத்தவுடன் தூங்கிவிடுகிறார்" என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவர்களில் பலர் சரியாகத் தூங்குவதே இல்லை என்பதுதான் உண்மை. சத்தமான குறட்டை திடீரென நின்று, அறை அமைதியாகி, சற்று நேரத்தில் மூச்சு முட்டும் ஒலியோடு மீண்டும் தொடங்கினால், அது 'ஸ்லீப் அப்னியா' எனப்படும் தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயாக இருக்கக்கூடும்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வது எல்லாருக்கும் இயல்பு. இந்நோய் உள்ளவர்களுக்கு நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கை ஒட்டிய மென்மையான சதையும் பின்னால் சரிந்து மூச்சுப்பாதையை அடைத்துவிடுகின்றன. நெஞ்சு மூச்சை இழுக்கிறது. காற்று உள்ளே போவதில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. உடனே மூளை ஆளை ஒரு கணம் உலுக்கி எழுப்ப, தசைகள் இறுகி வழி திறக்கிறது. மீண்டும் தூக்கம், மீண்டும் அடைப்பு. குறைந்தது 10 வினாடி நீடிக்கும் தடையை மருத்துவர்கள் ஒரு முறை என்று கணக்கிடுகிறார்கள். மணிக்கு 5 முதல் 15 முறை வரை என்றால் நோய் லேசானது. 30ஐ எட்டினால் கடுமையானது. அதாவது 2 நிமிடத்துக்கு ஒரு தடை, இரவு முழுவதும். காலையில் எழுபவருக்கு இது எதுவுமே நினைவிருக்காது. அதனால் நோயை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிதான்.

பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவதெல்லாம் பகல்நேரத் தொல்லைகளே. காலையில் தலைவலி, வறண்ட வாய், காரணமில்லாத எரிச்சல், சமிக்ஞை விளக்கில் கார் நிற்கும்போதே கண் செருகுவது. இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவதும் உண்டு. அதை இனிப்பு நீர் என்று மட்டும் நினைத்துவிடுகிறார்கள். செம்பனைக் குலை வெட்டுபவரும் ஷிப்ட் வேலை செய்யும் பாதுகாவலரும் இதையெல்லாம் வேலை அசதி என்று ஒதுக்குவது எளிது. வேலை அசதி என்றால் விடுமுறை நாளில் நன்றாகத் தூங்கினால் தீர வேண்டும். 8 மணி நேரம் படுத்தும் அசதி தீராவிட்டால் சந்தேகப்பட வேண்டியதுதான். இரண்டு மூன்று மாத்திரை சாப்பிட்டும் இரத்தக் கொதிப்பு இறங்காதவர்கள், குறட்டையைப் பற்றியும் டாக்டரிடம் சொல்வது நல்லது. சிகிச்சை இல்லாமல் விட்டால் இருதயத்துடிப்புக் கோளாறு, பக்கவாதம் ஆகியவற்றுக்கான அபாயமும் கூடுகிறது.

உடல் பருமனே முக்கியக் காரணம். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோ பருமனோ உள்ளவர்கள். ஆனால் ஒல்லியானவர்களும் தப்பித்துவிட முடியாது. தாடை சிறியதாகவோ உள்வாங்கியோ இருந்தால் நாக்குக்கு இடம் போதாமல் அடைப்பு ஏற்படும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வாய்ப்பு அதிகரிக்கிறது. அவர்கள் குறட்டையைச் சொல்லவே கூச்சப்படுவதால் பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வீங்கிய டான்சிலும் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையும் காரணம். வாயைத் திறந்தபடி தூங்கி, வகுப்பில் கவனமில்லாமல் இருக்கும் மாணவனைச் சோம்பேறி என்று திட்டும் முன், இரவில் அவன் எப்படி மூச்சு விடுகிறான் என்று பார்க்கலாம். பிள்ளைகளில் பலருக்கு அறுவைச் சிகிச்சையே போதுமானதாகிவிடுகிறது.

கைப்பேசியில் குறட்டையை இரண்டு நிமிடம் பதிவு செய்து கிளினிக்குக்குக் கொண்டு போனால், வாயால் விளக்குவதைவிட டாக்டருக்கு எளிதில் புரியும். 1 வெள்ளி கட்டணத்தில் பார்க்கும் அரசாங்க கிளினிக்கிலேயே தொடங்கலாம். அங்கிருந்து காது, மூக்கு, தொண்டை நிபுணரிடமோ நுரையீரல் நிபுணரிடமோ அனுப்புவார்கள். கோலாலம்பூர் சுவாச மருத்துவக் கழகத்திலும் மலாயா பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் தூக்கப் பரிசோதனை வசதி உண்டு. தலை, மார்பு, விரல் ஆகிய இடங்களில் கருவிகளைப் பொருத்தி ஓர் இரவு தூங்கவைப்பதே அந்தச் சோதனை. சிலருக்கு வீட்டிலேயே செய்யும் சிறிய கருவி போதும்.

நடுத்தர, கடுமையான நோய்க்கு முதன்மையான சிகிச்சை சிபாப் இயந்திரம். ஆஸ்திரேலிய மருத்துவர் கோலின் சல்லிவன் 1981இல் இதை மருத்துவ உலகுக்கு அறிவித்தார். முகமூடி வழியாகச் செலுத்தப்படும் காற்றின் அழுத்தம், தொண்டை சரியாமல் தாங்கிப் பிடிக்கிறது. அது ஆக்சிஜன் சிலிண்டர் அல்ல. சாதாரண அறைக் காற்றுதான். கழற்றினால் நோய் திரும்பிவிடும் என்பதால் இரவுதோறும் போட வேண்டும்.

பலர் தோற்றுப்போவது இங்கேதான். முதல் வாரத்தில் மூச்சு முட்டுவதுபோல் இருக்கிறது, மூக்கு காய்கிறது, முகமூடி நழுவுகிறது என்று இயந்திரத்தை அலமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். முகமூடியின் அளவை மாற்றினாலோ ஈரப்பதமூட்டியைச் சேர்த்தாலோ பெரும்பாலான தொல்லைகள் குறையும். பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழகுவதும் உதவும். விலை சில ஆயிரம் வெள்ளி. வசதி இல்லாதவர்கள் அரசாங்க மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணிப் பிரிவில் உதவி கேட்கலாம். வேண்டாம் என்று வீட்டுக்குத் திரும்பும் முன் அங்கே ஒருமுறை விசாரிப்பது அவசியம்.

எடையைக் குறைத்தால் நோயின் கடுமை குறையும். இரவில் மது அருந்துவது தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்தும். லேசான நோய்க்கு ஒருக்களித்துப் படுப்பதும், பல் மருத்துவர் செய்து தரும், கீழ்த்தாடையை முன்னுக்கு இழுத்து வைக்கும் கருவியும் பலன் தருவதுண்டு.

லோரி, பேருந்து ஓட்டுநர்களின் நிலைமைதான் சிக்கலானது. லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயத்தில் மருத்துவப் பரிசோதனையின்போது அவர்கள் வாயைத் திறப்பதில்லை. அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமலில்லை. மாதச் சம்பளத்தை நம்பி ஒரு குடும்பமே இருக்கிறது. ஆனால் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான்கு வினாடி கண்ணயர்ந்தால், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் லோரி ஏறக்குறைய 90 மீட்டர் ஓடியிருக்கும். முறையாக சிபாப் போடுபவர்களுக்குப் பகல் தூக்கம் பெருமளவு குறைகிறது. எந்த இரவில் எத்தனை மணி நேரம் பயன்படுத்தினார் என்பதை இயந்திரமே பதிவு செய்து வைக்கிறது. வேலைக்குத் தகுதியானவரா என்று முடிவு செய்யும் டாக்டரிடம் ஓட்டுநர் அந்தப் பதிவைக் காட்டலாம்.