எடை குறைந்தால் வேகம் கூடுமா?

மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் மாணவர் பலருக்கு, எஃகுப் பாகங்களை நீக்கி எடை குறைந்த பாகங்களைப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்னும் ஆசை உண்டு. அவற்றின் விலையோ அதிகம். பெற்றோர் செலவிடும் பணத்திற்கு ஏற்ற பயன் கிடைக்குமா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் எடை ஏறத்தாழ 7.8 கிராம், அலுமினியத்தின் எடை 2.7 கிராம், கரியிழைக் கலவையின் எடை சுமார் 1.6 கிராம். எனினும் அலுமினியம் எஃகைவிட எளிதில் வளையும். ஆகவே அதனைத் தடிமனாகச் செய்ய வேண்டியுள்ளது. எடை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதில்லை.

மாணவரின் எடை 45 கிலோ, மிதிவண்டி 18 கிலோ, புத்தகப்பை 7 கிலோ எனக் கொள்வோம். மொத்தம் 70 கிலோ. விலை உயர்ந்த பாகங்களால் 2 கிலோ குறைந்தாலும், குறைவது மொத்தத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு கூட இல்லை.

இக்குறைவு மேட்டில் ஏறும்போதுதான் நன்கு உதவும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அம்மலைப்பாதையில் நான்கு மணி நேரம் ஏறும் வீரர் ஒருவருக்கு இதனால் ஆறேழு நிமிடம் மிச்சமாகலாம். பந்தயத்தில் அது வெற்றியையே முடிவுசெய்யும். அதனால்தான் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம், பந்தய வண்டி 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என 2000ஆம் ஆண்டு முதல் விதி வகுத்துள்ளது.

சமதளத்தில் நிலைமை வேறு. ஐதராபாத் வெளிவட்டச் சாலையை ஒட்டி, சூரிய மின்தகடுகளைக் கூரையாகக் கொண்ட 23 கி.மீ. மிதிவண்டிப் பாதை 2023இல் திறக்கப்பட்டது. அத்தகைய பாதையில் விரைந்து செல்பவரைத் தடுக்கும் முதற்பகை காற்றே. வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்மடங்காகும். அங்கே எடைக்குறைவைவிடக் குனிந்து ஓட்டுவதே மிகுந்த பயன் தரும்.

திருமுல்கேரிச் சாலைகளிலோ சிறு மேடுகளும் வேகத்தடைகளும் குழிகளும் உண்டு. இங்கு முதலில் வேண்டியது உறுதி. எஃகுச் சட்டகம் உடைந்தால் தெருமுனைப் பட்டறையிலேயே பற்றவைத்துவிடலாம். அலுமினியத்திற்குத் தனிக் கருவியும் பயிற்சியும் தேவை. பால்காரரும் காய்கறி விற்பவரும் எஃகு வண்டியைக் கைவிடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அவ்வாறாயின் பணத்தை எதற்குச் செலவிடலாம்? நல்ல பிரேக் கட்டைகளுக்கும் தேயாத டயர்களுக்கும் செலவிடலாம். டயரில் காற்றுக் குறைந்தால் ஒவ்வொரு மிதியிலும் உழைப்பு வீணாகும். காய்ந்த சங்கிலியும் அவ்வாறே. ஒரு கைப்பம்பும் சிறிது எண்ணெயும் இவ்விரு குறைகளையும் போக்கிவிடும்.

இன்னும் ஒரு வழி உண்டு. இன்றைய பாடவேளைக்குத் தேவையற்ற புத்தகங்களை வீட்டில் வைத்துச் செல்லுங்கள். மேட்டில் ஏறும்போது, பையில் குறையும் 2 கிலோவும் வண்டியில் குறையும் 2 கிலோவும் ஒன்றே. முன்னதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

இன்று உங்கள் புத்தகப்பையை எடைபோடுங்கள். உங்கள் எடை, மிதிவண்டியின் எடை, பையின் எடை ஆகியவற்றைக் கூட்டி, அதில் 2 கிலோ நூற்றுக்கு எத்தனை பங்கு எனக் கண்டு எழுதுங்கள்.