வயிற்றுப்போக்கை வெல்லும் வழிகள்

ஒரு வயதுக் குழந்தைக்குத் திடீரென வாந்தி வருகிறது. சிறிது நேரத்தில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்துகொள்கின்றன. பதறிப்போன பெற்றோர் மருத்துவரிடம் ஓடி, கிருமியைக் கொல்லும் மருந்தைக் கேட்கின்றனர். மருத்துவரோ உப்பும் சர்க்கரையும் கலந்த பொடிப் பொட்டலங்களைத் தருகிறார். பெற்றோருக்கு ஏமாற்றம்தான். ஆனாலும், அதுவே சரியான சிகிச்சை. ஏன்?

குழந்தைகளைக் கடுமையாகத் தாக்கும் வயிற்றுப்போக்குக்கு முதன்மையான காரணம் ரோட்டா என்னும் நச்சுயிரி. 1973-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ரூத் பிஷப்பும் அவருடைய குழுவினரும் நோயுற்ற குழந்தைகளின் குடல் திசுவில் இதைக் கண்டறிந்தனர். நுண்ணோக்கியில் சக்கரம் போலத் தெரிந்ததால், சக்கரத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே இதற்குப் பெயராயிற்று. 2013-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 2 இலட்சம் குழந்தைகள் இதனால் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பாக்டீரியாவை அழிக்குமே தவிர, நச்சுயிரியை அழிக்கா. ரோட்டாவைக் கொல்லும் தனி மருந்தும் இல்லை. பெரும்பாலும் சில நாள்களில் உடலே இந்நோயை வென்றுவிடும். அதற்குள் உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறிவிடுவதே உயிருக்கு ஆபத்தாகிறது. குடல் பாதிக்கப்பட்டிருந்தாலும், சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வரும்போது அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். அவற்றோடு நீரும் உடலுக்குள் செல்லும். பொட்டலத்தின் இரகசியம் இதுதான்.

1971-இல் இந்திய எல்லையிலிருந்த அகதிகள் முகாம் ஒன்றில் காலரா பரவியது. ஊசி வழியே ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகலநபிஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். ஏறத்தாழ 30 விழுக்காடாக இருந்த இறப்பு, 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இன்று இக்கரைசலுடன் துத்தநாக மாத்திரையையும் மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர்.

உடல் நச்சுயிரியை எதிர்க்க உருவாக்கும் புரதங்களே எதிர்ப்பான்கள். அவை நச்சுயிரியைப் பற்றிக்கொண்டு, குடல் உயிரணுக்களுக்குள் நுழையவிடாமல் தடுக்கின்றன. தாய்ப்பாலிலும் எதிர்ப்பான்கள் உண்டு. பசுவின் சீம்பாலிலிருந்து எடுத்த எதிர்ப்பான்களை நோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தும் ஆய்வு செய்துள்ளனர். ஆயினும், இப்படி வெளியிலிருந்து பெறுபவை இரவல் போன்றவை, நெடுநாள் நிலைப்பதில்லை. உடல் தானே எதிர்ப்பான்களை உருவாக்கப் பழக வேண்டும். அதைக் கற்பிப்பதே தடுப்பு மருந்து.

ரோட்டாவுக்கான தடுப்பு மருந்து ஊசியாகப் போடப்படுவதில்லை, வாய்வழி கொடுக்கப்படுகிறது. முதல் மருந்து 1998-இல் அமெரிக்காவில் அறிமுகமானது. ஆனால், ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒருவருக்குக் குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும் ஆபத்து ஏற்பட்டது. அதனால், மறு ஆண்டே அது மீட்டுக்கொள்ளப்பட்டது. பின்னர், இரண்டு புதிய மருந்துகள் ஒவ்வொன்றும் 60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டு, 2006-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பயன்பாட்டுக்கு வந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் ஏழை நாடுகளில் பல இலட்சம் குழந்தைகள் இந்நோயால் மடிந்தனர். பாதுகாப்பை உறுதிசெய்யவும் வேண்டும்; காலம் தாழ்த்தவும் கூடாது. மருத்துவ அறிவியலின் கடினமான சோதனை இது.

இந்தியாவும் தன் பங்கை ஆற்றியது. டில்லி மருத்துவமனையில் பிறந்த சில குழந்தைகளின் உடலில் ரோட்டா இருந்தும் நோய் தோன்றவில்லை. அந்த நச்சுயிரியிலிருந்தே மலிவான தடுப்பு மருந்து ஒன்று உருவானது. டில்லி, பூனே, தமிழ்நாட்டின் வேலூர் ஆகிய இடங்களில் அது சோதிக்கப்பட்டது. 2016 முதல் இந்திய அரசின் தடுப்பு மருந்துத் திட்டத்திலும் இடம்பெற்றது.

எனினும், பெரியவர்களையும் தாக்கும் நோரோ நச்சுயிரிக்கு இன்னும் தடுப்பு மருந்து பயன்பாட்டுக்கு வரவில்லை. கைகளில் தடவும் ஆல்கஹால் திரவமும் அதை எளிதில் அழிப்பதில்லை. உண்பதற்கு முன்பும் கழிப்பறைக்குச் சென்ற பின்பும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதே சிறந்த காப்பு. வந்தபின் நீரிழப்பைத் தடுப்பதும் வருமுன் நோயைத் தடுப்பதும் நம் கையில்தான் உள்ளன.