பல மருத்துவமனைகள், ஓர் ஆய்வு: உங்கள் விவரம் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது?

புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மரக்காணம் கடற்கரைப் பகுதியிலிருந்து புறப்படுபவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு திசைகள் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் புதுச்சேரி ஜிப்மர்; வடக்கே சென்றால் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. ஓரிடத்தில் அறுவைச் சிகிச்சையும் வேறோரிடத்தில் கதிர்வீச்சும் பெறுவோரும் உள்ளனர். இவர்களுள் சிலரிடம், பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் ஆய்வொன்றில் பங்கேற்க விருப்பமா என்று மருத்துவர் கேட்கக்கூடும். எதற்கு இத்தனை தாள்கள், ஊருக்குத் திரும்பிய பின்னும் ஏன் தொலைபேசியில் அழைக்கிறார்கள் என்ற ஐயங்கள் அப்போது எழுவது இயல்பு.

ஒரே வகைப் புற்றுநோயால், ஒரே நிலையில் பாதிக்கப்பட்டவர்கள் ஒரு மருத்துவமனைக்கு ஆண்டொன்றுக்குச் சிலரே வரக்கூடும். அவர்களை மட்டும் கொண்டு, ஒரு சிகிச்சை மற்றொன்றைவிட மேலானதா எனத் தீர்மானிக்க இயலாது. பல மருத்துவமனைகள் சேரும்போது போதிய எண்ணிக்கை கிடைக்கிறது. ஆனால், அனைவரும் ஒரே முறையில் சிகிச்சை அளித்து, ஒரே முறையில் எழுதிவைத்தால்தான் அந்த எண்ணிக்கைக்குப் பொருள் உண்டு. இதைக் கவனிப்பவரே ஆய்வு ஒருங்கிணைப்பாளர். நோயாளிகள் பலர் அவரை எழுத்தர் என்றே நினைத்துக்கொள்கின்றனர்.

நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய் குறித்த பேராய்வு ஒன்று 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. அம்பிளிக்கை கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமுதாய நல மையம், கோவை பி.எஸ்.ஜி. மருத்துவ நிறுவனம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஆகியவை அதில் இணைந்தன. ஊர்கள் 114 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. பாதித் தொகுதிகளில், 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்கு, நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிக் கருப்பை வாயில் வெண்திட்டுத் தெரிகிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர் பரிசோதித்தனர். மறுபாதியில் வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே இருந்தது. அவ்வாறு ஒரு சாராரைப் பரிசோதனையின்றி விட்டது முறைதானா என்ற கேள்வி பின்னர் எழுந்தது; அது கேட்கப்பட வேண்டிய கேள்வியே.

2007இல் முடிவுகள் வெளியாயின. பரிசோதனைக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களின் 49,311 பெண்களில் 83 பேரும், மற்ற ஊர்களின் 30,958 பெண்களில் 92 பேரும் இந்நோயால் இறந்திருந்தனர். வயது முதலிய வேறுபாடுகளைச் சரிசெய்து கணக்கிட்டபோது, பரிசோதனை நடந்த ஊர்களில் இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது.

இந்த எண்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள். பெண்கள் எண்பதாயிரம் பேர். முடிவோ இருநூறுக்கும் குறைவான இறப்புகளைச் சார்ந்து நிற்கிறது. ஒரு பக்கத்தில் மட்டும் இருபது முப்பது பெயர்கள் விடுபட்டிருந்தால், பயனுள்ள பரிசோதனை பயனற்றதாகத் தோன்றியிருக்கக்கூடும். ஒரு பெண்ணுக்கு மதுரையில் நோய் கண்டறியப்படலாம். அவர் கோவையில் சிகிச்சை பெற்று, வெளியூரில் மகள் வீட்டில் உயிர் நீத்திருக்கலாம். இத்தகையவரையும் தவறவிடாமல் கணக்கில் சேர்ப்பதற்கே மாவட்டப் புற்றுநோய்ப் பதிவேடு தேவைப்பட்டது.

பெயரைப் பொருத்துவதுகூட எளிதன்று. திருமணத்திற்கு முன் தந்தையின் முதலெழுத்து, பின் கணவரின் முதலெழுத்து. ஒரு மருத்துவமனையில் 'லட்சுமி', மற்றொன்றில் 'இலக்குமி', ஆதார் அட்டையில் வேறொரு எழுத்துக்கூட்டல். தாளில் ஒருவரே மூவராகிவிடுவார். சில வேளைகளில் இருவர் ஒருவராகிவிடுவர். பெயர், வயது, ஊர், கணவர் அல்லது தந்தை பெயர் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் கேட்பது இதனால்தான். பங்கேற்பாளர் ஒவ்வொருவருக்கும் ஆய்வு எண் ஒன்று வழங்கப்படும். கணக்கிடுவோருக்கு அந்த எண்ணும் மருத்துவ விவரமும் செல்லும். பெயர் உங்கள் மருத்துவமனையிலேயே தங்கும்.

புதிய மருந்துகளை மனிதர்களிடம் சோதிக்கும் ஆய்வுகளுக்கு 2019ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும். ஆய்வை அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு உறுப்பினர் இருத்தல் வேண்டும். தலைவர் அந்நிறுவனத்தைச் சாராதவர். சட்டம் அறிந்தவர் ஒருவரும் மருத்துவத் துறை சாராத பொதுமக்களில் ஒருவரும் இடம்பெறுவர். ஆய்வு தாமதமாகத் தொடங்குவதற்கு இத்தகைய அனுமதிகளும் ஒரு காரணம். தாமதம் எரிச்சலூட்டும் என்பது உண்மை. ஆயினும் அத்தாமதத்தில் ஒரு பகுதி உங்கள் பாதுகாப்புக்கானது. ஒப்புதல் படிவத்தின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். படிக்க இயலாதவருக்கு, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் படித்து விளக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் ஆய்விலிருந்து விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது.

மும்பை டாடா நினைவு மையத்தின் ஒருங்கிணைப்பில், அணுசக்தித் துறையின் ஆதரவுடன் 2012இல் தொடங்கப்பட்ட தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பில் இன்று முந்நூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் உள்ளன. பொதுவான சிகிச்சை நெறிகளை வகுப்பதும் கூட்டாய்வுகளுக்கு உதவுவதும் அதன் பணிகளில் அடங்கும்.

நம் பகுதிக்கென ஒரு சிக்கல் உண்டு. மழைக்காலத்தில் உப்பளங்கள் நீரில் மூழ்கும்போது குடும்பங்கள் வேறு வேலை தேடி வெளியூர் செல்கின்றன. தொலைபேசி எண்ணும் மாறிவிடுகிறது. புறப்படும் முன் புதிய எண்ணையும், ஊரிலேயே இருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணையும் ஒருங்கிணைப்பாளரிடம் கொடுங்கள். மீனவக் குடும்பத்தினர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் பரிசோதனை நாளை அமைத்துத் தருமாறு கேட்கலாம். இயன்றவரை மாற்றித் தருவர்.

இன்னொன்றையும் தயக்கத்துடன் சொல்ல வேண்டியுள்ளது. நோயாளி மறைந்த பின்னும் சில வீடுகளுக்கு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரும். துயரத்தில் இருப்பவருக்கு அது இரக்கமற்றதாகத் தோன்றும். சினம் கொள்வோரைக் குறை கூற முடியாது. மறைந்த நாளும் காரணமும் அவருடைய ஆய்வு எண்ணுக்கு எதிரே இடம்பெறாவிட்டால், அவர் 'தொடர்பு அற்றவர்' என்ற பட்டியலில் சேர்ந்துவிடுவார் என்பதாலேயே அழைக்கிறார்கள். பேச மனமில்லையெனில், உறவினர் ஒருவர் வழியாக நாளை மட்டும் சொல்லி அனுப்பினாலும் போதும்.